திறன் சோதனையும் பத்து மைல் கடிகாரமும்

2000-ஆம் ஆண்டில் பால்மர், டேவிசன், பேர்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, போட்டிகளில் ஓட்டிப் பழகிய 16 சைக்கிள் வீரர்களின் உச்சத் திறன் முதலில் ஆய்வகத்தில் அளக்கப்பட்டது. பிறகு அவர்கள் வெளியே சாலையில் 16.1 கிலோமீட்டர், அதாவது 10 மைல், டைம் ட்ரையல் ஓட்டினார்கள். ஆய்வகத்து உச்சத் திறனுக்கும் சாலையில் அவர்கள் சராசரியாகச் செலுத்திய திறனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண், 0.99 என்று வந்தது; 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை. மனித உடலை அளக்கும் துறையில் இப்படி ஓர் எண் அபூர்வம். ஆனால் அதே உச்சத் திறனை, அதே வீரர்கள் அந்த 10 மைலைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தோடு சேர்த்துப் பார்த்தபோது கெழு 0.46 அளவுக்கு இறங்கிவிட்டது. 16 பேரை மட்டும் வைத்துப் பார்க்கையில் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடவும் இடமுண்டு.

சைக்கிள் ஓட்டுபவர்கள் இன்று தங்கள் உடல் தகுதியை வாட் கணக்கில் சொல்லிக்கொள்கிறார்கள். சோதனையில் 20 வாட் கூடினால் அடுத்த பந்தயத்தில் இத்தனை வினாடி குறையும் என்று மனக்கணக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்த மனக்கணக்கு எதுவரை செல்லும், எங்கே உடையும் என்பதை மேற்சொன்ன இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பார்க்கலாம். சோதனை எதை முன்னறிவிக்கிறது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது. அது முன்னறிவிப்பது வீரர் செலுத்தப்போகும் திறனை. பந்தயத்தின் முடிவுக் கோட்டில் எழுதப்படுவதோ நேரம்.

டைம் ட்ரையல் என்பது ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் பந்தயம். பொதுவாக ஒரு நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். முன்னால் செல்பவரின் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க விதி இடம் தராது. சாலையில் கூட்டமாக ஓடும் பந்தயங்களைப் பிரிட்டனின் சைக்கிள் அமைப்பு காவல்துறைக்கு அஞ்சி ஒதுக்கிய காலத்தில், எஃப். டி. பிட்லேக் என்பவர் 1895 அக்டோபரில் லண்டனுக்கு வடக்கே 50 மைலுக்கு இப்படிப்பட்ட ஓட்டமொன்றை நடத்தினார். யார் கண்ணிலும் படாமலிருக்க வீரர்கள் விடியற்காலையில், தோள் முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்து ஓட்டிய காலம் அது. பந்தயப் பாதைகளை ஊர் பெயரால் சொல்லாமல் குறியெண்ணால் சொல்லும் வழக்கமும் அந்த மறைவிலிருந்து வந்ததுதான். ஹல் நகருக்கு அருகிலுள்ள விரைவான பாதை இன்றும் வி718 என்றே அறியப்படுகிறது. தந்திரத்துக்கும் கூட்டாளிகளுக்கும் இடமில்லாத ஓட்டம் என்பதால், திறனை அளந்தால் நேரத்தைச் சொல்லிவிடலாம் என்ற ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான களம் சைக்கிள் விளையாட்டில் இல்லை.

அந்த ஆசை கைக்கெட்டியது 1986-இல். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபெரர், பெடல்களைத் தாங்கும் கிராங்கின் நடுப்பகுதியில் திரிபு அளவிகளை ஒட்டி, பெடலை மிதிக்கும்போது உலோகம் எத்தனை நுண்ணளவு வளைகிறது என்பதிலிருந்து முறுக்குவிசையைக் கணித்து, அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கித் திறனை வாட்டில் காட்டும் எஸ்ஆர்எம் கருவியை உருவாக்கினார். அதற்கு முன் ஆய்வக நிலைச் சைக்கிளில் மட்டுமே தெரிந்த எண் இப்போது சாலையிலும் தெரிந்தது. இதயத் துடிப்பு வெயிலுக்கும் காப்பிக்கும் பதற்றத்துக்கும் ஏறி இறங்கும். வேகம் காற்றுக்கும் மேட்டுக்கும் ஏறி இறங்கும். வாட் அப்படி மாறுவதில்லை. அதனால்தான் பயிற்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆய்வகத்தில் தொடக்கத்தில் அளந்தது உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டை. அது மட்டும் போதாது என்பதை 1988-இல் எட்வர்ட் காயில் குழுவினர் தெளிவாகக் காட்டினார்கள். உச்ச ஆக்சிஜன் பயன்பாடு ஒரே அளவில் இருந்த பயிற்சி பெற்ற 14 வீரர்களை, கடும் உழைப்பில் தசைகளிலிருந்து வரும் லாக்டேட் என்ற பொருள் இரத்தத்தில் ஏறத் தொடங்கும் உழைப்பின் அளவை வைத்து இரு குழுவாகப் பிரித்து, உச்சத்தில் 88 விழுக்காட்டு அளவில் ஓட்டச் சொன்னார்கள். லாக்டேட் முன்கூட்டியே ஏறிய குழு சராசரியாக 29 நிமிடத்தில் சோர்ந்தது. தாமதமாக ஏறிய குழு ஏறத்தாழ 61 நிமிடம் தாக்குப்பிடித்தது. என்ஜின் எவ்வளவு பெரியது என்பதோடு, அதில் எத்தனை பங்கை நீண்ட நேரம் இழுக்க முடியும் என்பதும் சேர்ந்தே பந்தயத் திறனைத் தீர்மானிக்கிறது. அதே குழு 1991-இல், ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் செலுத்திய சராசரித் திறனைச் சாலையில் 40 கிலோமீட்டர் ஓட்டத்தோடு ஒப்பிட்டு, 0.88 அளவிலான எதிர் ஒட்டுறவைக் கண்டது. திறன் கூடக்கூட நேரம் குறைந்தது என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் ஹாலியும் நோக்ஸும் 1992-இல், படிப்படியாகச் சுமை ஏற்றும் சோதனையில் எட்டிய உச்சத் திறனுக்கும் 20 கிலோமீட்டர் ஓட்ட நேரத்துக்கும் 0.91 அளவிலான எதிர் ஒட்டுறவைக் காட்டினார்கள்.

அப்படியானால் பால்மர் குழுவின் 0.46 எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு புள்ளியியல் நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஒட்டுறவுக் கெழு என்பது கூட்டத்தின் பரப்பைச் சார்ந்தது. 200 வாட் ஓட்டுபவரையும் 400 வாட் ஓட்டுபவரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தால் எந்தச் சோதனையும் அவர்களைச் சரியாக வரிசைப்படுத்திவிடும், கெழு 0.9-ஐத் தாண்டும். தகுதியில் நெருங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் திறனால் வரும் வேறுபாடு சுருங்கிப்போகும். காற்று, உட்காரும் நிலை, சாலை ஆகியவற்றால் வரும் வேறுபாடு மட்டும் அப்படியே நிற்கும். பந்தயத்தில் ஒருவர் முந்தப் பார்ப்பது தன்னைவிட இருமடங்கு வலிமையுள்ளவரை அல்ல, முன்வரிசையில் தன்னைவிட 20 வினாடி வேகமானவரை என்பதால், பெரிய கெழுக்கள் அவருக்குத் தரும் ஆறுதல் குறைவுதான். அவர் கேட்க வேண்டியது அந்த முன்கணிப்பு எத்தனை வாட் அல்லது எத்தனை வினாடி பிழையோடு வருகிறது என்பதையே.

இனி இயற்பியலுக்கு வரலாம். சமதளச் சாலையில் சைக்கிளை ஓட்டத் தேவையான திறனில் பெரும்பகுதி காற்றைத் தள்ளப் போகிறது. அந்தப் பகுதி காற்றின் அடர்த்தி, வீரரும் சைக்கிளும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் எதிர்ப்புப் பரப்பு, வேகத்தின் மும்மடி ஆகியவற்றின் பெருக்கலில் பாதி. டயர் உருளும் உராய்வு மொத்த எடையையும் வேகத்தையும் பொறுத்தது. செயினிலும் பல்சக்கரத்திலும் இரண்டு மூன்று விழுக்காடு வீணாகிறது. இந்தச் சமன்பாட்டை ஜிம் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் 1998-இல் உண்மையான சாலை ஓட்டங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். திறனில் கண்ட வேறுபாட்டில் 97 விழுக்காட்டை அது விளக்கியது. ஆகவே வாட்டிலிருந்து நிமிடத்துக்குப் போகும் வழி இருட்டானதல்ல. வழியில் கேட்கப்படும் மற்ற எண்களைத்தான் பலர் கையில் வைத்துக்கொள்வதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் காற்றில்லாத சமதளத்தில் 283 வாட் செலுத்துகிறார். அவருடைய எதிர்ப்புப் பரப்பு 0.23 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், நல்ல டயர், சுமாரான தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டால் அவருடைய வேகம் மணிக்கு 43.2 கிலோமீட்டர், 10 மைலை 22 நிமிடம் 21 வினாடியில் முடிப்பார். அவரே குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்து திறனை 10 விழுக்காடு கூட்டி 311 வாட் ஆக்கினால் 21 நிமிடம் 36 வினாடியில் முடிப்பார். லாபம் 45 வினாடி. மும்மடியின் வேலை இது. திறனில் 10 விழுக்காடு, வேகத்தில் மூன்றரை விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. இப்போது திறனை அப்படியே 283 வாட்டில் நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தி முழங்கையை அகட்டி ஓட்டும் இன்னொருவரை நினைத்துக்கொள்வோம். அவருடைய எதிர்ப்புப் பரப்பு 0.28. அவர் முடிக்கும் நேரம் 23 நிமிடம் 48 வினாடி. ஒரே சோதனை முடிவைப் பெற்ற இருவருக்கிடையே 87 வினாடி வேறுபாடு வந்துவிட்டது. ஒரு குளிர்காலப் பயிற்சியின் பலனைப்போல ஏறத்தாழ இருமடங்கு அது. பால்மர் ஆய்வின் 16 பேரும் உயரத்திலும் தோள் அகலத்திலும் குனியும் திறமையிலும் வேறுபட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் அந்த 0.46 வியப்பளிக்கவில்லை.

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். லோரான் ஃபின்யோனைவிட 50 வினாடி பின்தங்கிப் புறப்பட்ட கிரெக் லெமாண்ட், முன்கைகளை நீட்டி ஊன்றிக் குனியும் கைப்பிடியோடும் கூர்வால் ஹெல்மெட்டோடும் ஓட்டினார். ஃபின்யோன் தலைக்கவசமின்றி, குடுமி காற்றில் பறக்க ஓட்டினார். லெமாண்ட் அந்த ஓட்டத்தில் 58 வினாடி வேகமாக வந்து, மூன்று வாரப் பந்தயத்தை 8 வினாடியில் வென்றார். அன்று இருவரின் கால்களையும் அளக்கும் எந்தச் சோதனையும் அந்த 58 வினாடியை முழுதாகச் சொல்லியிருக்காது.

எடைக்கு எத்தனை வாட் என்ற கணக்கும் இங்கே ஆளைத் தவறான வழிக்கு இழுக்கும். மலை ஏறும்போது ஈர்ப்பே எதிரி என்பதால் கிலோவுக்கு எத்தனை வாட் என்பது சரியான அளவுகோல். சமதளத்தில் அது அப்படியல்ல. 60 கிலோ எடையுள்ளவர் கிலோவுக்கு 4.5 வாட் என்று 270 வாட் செலுத்துகிறார். 78 கிலோ எடையுள்ளவர் கிலோவுக்கு 4 வாட் மட்டுமே என்று 312 வாட் செலுத்துகிறார். எதிர்ப்புப் பரப்பு முதலாமவருக்கு 0.22, இரண்டாமவருக்கு 0.245 என்று கொண்டால், பெரிய உருவக்காரரே 10 மைலில் ஏறத்தாழ 10 வினாடி முந்துகிறார். உடல் பெருக்கும் அளவுக்குக் காற்றுக்குக் காட்டும் பரப்பு பெருக்காது என்பதே காரணம். செயலிகளின் பட்டியலில் கிலோவுக்கு வாட் என்று பெருமையாகக் காட்டும் எண்ணைப் பார்த்து டைம் ட்ரையலில் யார் வெல்வார் என்று பந்தயம் கட்டுவது, எடைபோட்டுத் துணி வாங்குவதைப் போன்றது.

இதுவரை சொன்னது சோதனையில் கிடைத்த வாட் சரியானது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து யார் வலிமையானவர் என்ற விடையே மாறக்கூடும்.

இன்று புழக்கத்திலுள்ள சோதனைகளுக்குப் பின்னால் இருப்பது எஃப்டிபி என்ற கருத்து: ஏறத்தாழ ஒரு மணி நேரம் சோர்ந்துவிடாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய திறன். இதைப் பரப்பியவர் உடற்செயலியலாளர் ஆண்ட்ரூ காகன். மேலே சொன்ன 1988 ஆய்வில் காயிலோடு சேர்ந்து பங்கேற்றவர்தான். ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓட்டிப் பார்ப்பதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை என்பதால், 20 நிமிடம் ஓட்டிக் கிடைத்த சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி வந்தது. அதற்குமுன் 5 நிமிடம் முழுவேகத்தில் ஓட்டிவிட வேண்டும் என்பதும் அந்த முறையின் பகுதிதான். பலர் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள், மறந்தால் எண் பெரிதாக வரும் என்பதால் மறப்பது இனிக்கவும் செய்கிறது. வீட்டுக்குள் சைக்கிளைப் பூட்டி ஓட்டும் ட்ரெய்னர் கருவிகளின் செயலிகளில் இன்னும் குறுகிய வழி இருக்கிறது. நிமிடத்துக்கு 20 வாட் வீதம் சுமை ஏறிக்கொண்டே போகும். இனி முடியாது என்று நிற்கும்வரை மிதிக்க வேண்டும். கடைசி நிமிடத்தின் சராசரியில் 75 விழுக்காடு எஃப்டிபி என்று திரையில் வரும். இதை ராம்ப் டெஸ்ட் என்கிறார்கள்.

இந்தச் சோதனைகளை எடைபோட இன்னொரு பழைய கருத்து உதவும். 1965-இல் பிரான்ஸில் மோனோவும் ஷெரரும் தசைகளின் வேலையை ஆராய்ந்து முன்வைத்தது அது. பின்னாளில் சைக்கிளுக்கும் பொருத்தப்பட்டது. இதன்படி ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, ஆக்சிஜனை நம்பி நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மாறுநிலைத் திறன். மற்றொன்று, அதற்கு மேலே போகும்போது கரையும் ஆற்றல் கையிருப்பு. ஜூல் கணக்கில் சொல்லப்படும் இது முடிந்துவிட்டால் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குச் செலுத்தக்கூடிய சராசரித் திறன் என்பது மாறுநிலைத் திறனோடு, கையிருப்பை அந்த நேரத்தின் வினாடிகளால் வகுத்துக் கூட்டியது. இரண்டு எண்களையும் காண இரண்டு முழுமுயற்சி ஓட்டங்கள் போதும். 3 நிமிடத்துக்கு 400 வாட், 12 நிமிடத்துக்கு 310 வாட் செலுத்தக்கூடியவருக்கு மாறுநிலைத் திறன் 280 வாட், கையிருப்பு 21,600 ஜூல் என்று எளிய கூட்டல் கழித்தலில் வந்துவிடும். 22 நிமிட ஓட்டத்தில் அவரால் 296 வாட் முடியும் என்று இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்கும் அதற்கு மேலும் இதே கணக்கைக் கொண்டுபோனால் அது மிகையாகச் சொல்லத் தொடங்கும்; வெப்பம், எரிபொருள் குறைவு, நரம்புச் சோர்வு எதுவும் அந்தச் சமன்பாட்டில் இல்லை.

இதை வைத்து ராம்ப் டெஸ்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சுவாரசியமான ஒன்று வெளிப்படுகிறது. முதலாமவருக்கு மாறுநிலைத் திறன் 260 வாட், கையிருப்பு 28,000 ஜூல். குறுகிய வெடிப்புக்குப் பெயர்போன வேகக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவருக்கு 280 வாட், 16,000 ஜூல். நீண்ட தூரத்துக்கு உகந்தவர். நிமிடத்துக்கு 20 வாட் ஏறும் சோதனையில் இருவருடைய கையிருப்பும் எப்போது தீரும் என்று கணக்கிட்டால், முதலாமவர் ஏறத்தாழ 397 வாட்டிலும் இரண்டாமவர் 383 வாட்டிலும் நிற்பார்கள். கடைசி நிமிடச் சராசரியில் 75 விழுக்காடு எடுத்தால் முதலாமவருக்கு எஃப்டிபி 290, இரண்டாமவருக்கு 280 என்று திரை சொல்லும். ஆனால் 22 நிமிடம் எடுக்கும் 10 மைல் ஓட்டத்தில் முதலாமவரால் 281 வாட்டும் இரண்டாமவரால் 292 வாட்டும்தான் முடியும். வரிசை தலைகீழாகிவிட்டது. 20 நிமிடச் சோதனை இந்த இருவரையும் சரியான வரிசையில் நிறுத்துகிறது: 283, 293. பந்தயத்தின் நீளத்துக்கு நெருங்கிய சோதனை கையிருப்புக்குச் சரியான எடை கொடுக்கிறது என்பதே இதன் பொருள். 10 மைலுக்கு 20 நிமிடச் சோதனையும், 25 மைலுக்கு இன்னும் நீண்ட ஒன்றும் பொருந்தும். பால்மர் ஆய்வில் ராம்ப் போன்ற சோதனையே 0.99 தந்ததே என்று கேட்கலாம். அங்கே அனைவருக்கும் ஒரே பெருக்கெண் என்று முன்கூட்டி முடிவு செய்யவில்லை. தரவிலிருந்து கோடு வரைந்தார்கள், கூட்டமும் டைம் ட்ரையலுக்குப் பழகிய ஒரே வகைக் கூட்டம். 75 விழுக்காடு என்ற ஒற்றைப் பெருக்கெண்ணை எல்லார் தலையிலும் கட்டும்போதுதான் மேற்கண்ட கோளாறு வருகிறது.

அளவிப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் எடுத்துக்கொண்ட 283 வாட் வீரருக்கு, 10 மைலில் 1 வாட் என்பது ஒன்றே முக்கால் வினாடி. சைக்கிளில் திறனை அளக்கும் பவர் மீட்டர் 2 விழுக்காடு தவறினால் முன்கணிப்பு 10 வினாடி தவறும். சோதனையை ட்ரெய்னரின் அளவியிலும் பந்தயத்தைப் பெடலின் அளவியிலும் அளப்பவர், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் உடல் தகுதி என்று எண்ணிக்கொள்ளக்கூடும். இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மலிவான கருவிகளில், இரண்டு கால்களின் பங்கும் சமம் என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. சோர்வில் அந்தப் பங்கு மாறவும் செய்யும்.

அதைவிடப் பெரிய ஓட்டை உட்காரும் நிலையில் இருக்கிறது. சாதாரணச் சாலைச் சைக்கிளில், நிமிர்ந்து, மின்விசிறி முன்னால் சோதனை எடுத்த ஒருவர், பந்தயத்தன்று டைம் ட்ரையல் சைக்கிளில் முதுகைக் கிடைமட்டமாக்கி, இடுப்பை மடக்கி, முகத்தைத் தாழ்த்தி ஓட்டுகிறார். இடுப்புக் கோணம் குறுகும்போது அதே மூச்சுக்கு அதே வாட் வருவதில்லை. பழக்கமில்லாதவருக்கு இழப்பு பெரிது, மாதக்கணக்கில் அந்த நிலையிலேயே பயிற்சி செய்தவருக்குச் சிறிது. ஆகவே சோதனையைப் பந்தயச் சைக்கிளில், பந்தய நிலையில் எடுப்பதே நேர்மையானது. எதிர்ப்புப் பரப்பைக் குறைக்க மேலும் குனிந்து 10 வாட் இழப்பது லாபமா நட்டமா என்ற கேள்விக்கும் அப்போதுதான் விடை கிடைக்கும்: வாட்டை எதிர்ப்புப் பரப்பால் வகுத்து வரும் எண் கூடினால் லாபம்.

எதிர்ப்புப் பரப்பை அறியக் காற்றுச் சுரங்கம் வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. ராபர்ட் சுங் பரப்பிய முறையில், ஒரே வளையச் சாலையைப் பல சுற்று ஓட்டி, பதிவான திறனையும் வேகத்தையும் சமன்பாட்டில் இட்டு, சாலையின் மேடுபள்ளம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். புறப்பட்ட இடத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வரும்போது உயரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். எதிர்ப்புப் பரப்பைத் தவறாக ஊகித்திருந்தால் சாலை சுற்றுக்குச் சுற்று மேலேறிக்கொண்டோ கீழிறங்கிக்கொண்டோ போவதாகக் கணக்கில் தெரியும். அது மட்டமாகும்வரை எண்ணைத் திருத்தினால் விடை கிடைக்கிறது. அமைதியான ஒரு காலையும் பவர் மீட்டரும் இருந்தால் யாரும் செய்யக்கூடியது இது. எஃப்டிபி சோதனையை மாதம் ஒருமுறை எடுப்பவர்கள் இதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்காமலிருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

மிச்சமிருப்பது அன்றைய நாள். 10 பாகை செல்சியஸ் காலையிலும் 30 பாகை மாலையிலும் காற்றின் அடர்த்தி 7 விழுக்காடு வேறுபடும். நம் 283 வாட் வீரருக்கு அது ஏறத்தாழ அரை நிமிடம். வளிமண்டல அழுத்தமும் அப்படியே. 2015 ஜூன் 7 அன்று லண்டனில் பிராட்லி விக்கின்ஸ் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். அன்று அழுத்தம் மிக அதிகமாக இருந்ததால், அதே கால்களுக்கு வேறொரு நாளில் இன்னும் கூடுதல் தூரம் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்தவர்கள் பலர். எடி மெர்க்ஸ் 1972-இல் தன் 49.431 கிலோமீட்டருக்கு மெக்சிகோ நகரத்தின் மெல்லிய காற்றைத் தேடிப் போனதும் இதற்காகத்தான். மெல்லிய காற்று ஆக்சிஜனையும் குறைத்து வாட்டைத் தின்னும் என்றாலும், எதிர்ப்பில் குறைவது அதைவிட அதிகம். 2022 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் தடத்தில் 55.548 கிலோமீட்டர் ஓட்டி விக்கின்ஸை மிஞ்சிய டான் பிகம் தொழிலால் காற்றியக்கப் பொறியாளர். வாட்டை மட்டும் பார்த்து வீரர்களை வரிசைப்படுத்தும் பட்டியலில் விக்கின்ஸுக்கு மேலே அவர் பெயரை எழுத யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். அதே தடத்தில் அக்டோபரில் ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். பெரிய என்ஜினும் நுண்ணிய காற்றியக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோது வந்த எண் அது.

உள்ளரங்கத் தடத்தில் இல்லாத இரண்டு சிக்கல்கள் சாலையில் உண்டு. ஒன்று எதிர்காற்று. போகும்போது காற்று முகத்திலும் திரும்பும்போது முதுகிலும் அடித்தால் இரண்டும் ஈடாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. எதிர்காற்றில் இழக்கும் நேரம் பின்காற்றில் மீள்வதைவிட அதிகம், ஏனெனில் மெதுவான பாதியில்தான் அதிக நேரம் செலவாகிறது. அதனால் எதிர்காற்றிலும் மேட்டிலும் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவும், பின்காற்றிலும் இறக்கத்திலும் சற்றுக் குறைவாகவும் செலுத்துவது லாபம். ஆனால் முதல் இரண்டு நிமிடத்தில் உற்சாகத்தில் கையிருப்பைக் கரைத்துவிட்டால் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது. சோதனை சொன்ன சராசரியை எட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டு நிமிடமே காரணம். இரண்டாவது, போக்குவரத்து. பிரிட்டனின் விரைவான பாதைகள் இரட்டைவழி நெடுஞ்சாலைகளில் இருக்கின்றன. அருகில் விரையும் லாரிகள் காற்றைத் தங்களோடு இழுத்துச் செல்வதால், அதில் கொஞ்சம் வீரருக்கும் கிடைக்கிறது. ஒரே வாட்டுக்கு அமைதியான கிராமச் சாலையில் வரும் நேரம் அங்கே வருவதில்லை.

ஆகவே நம் வீரர் பந்தயத்துக்கு முன் எழுதிக்கொள்ள வேண்டியது 22 நிமிடம் 21 வினாடி என்ற ஒற்றை எண்ணை அல்ல. பந்தய நிலையில் எடுத்த 20 நிமிடச் சோதனையிலிருந்து 283 வாட், கூடக்குறைய 6 வாட் என்று ஒரு வரி. எதிர்ப்புப் பரப்பு 0.23 என்று ஒரு வரி. அன்றைய வெப்பமும் அழுத்தமும் வைத்துக் கணக்கிட்ட அடர்த்தி என்று ஒரு வரி. ஓட்டம் முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை அல்ல, சராசரி வாட்டை. அது 280-க்கு மேல் வந்தும் கடிகாரம் 23 நிமிடத்தைக் காட்டினால் காற்றையோ, கழுத்தை நிமிர்த்திய நேரத்தையோ, டயரையோ தேட வேண்டும். நேரம் எதிர்பார்த்தபடி வந்து வாட் 265-ஆக இருந்தால் அன்று காற்று அவருக்குக் கடன் கொடுத்திருக்கிறது. அடுத்த வாரம் வேறு பாதையில் அதே நேரத்தை அவர் எதிர்பார்க்கலாகாது.